சுவர் சாமி என்றால் நாங்கள் பங்காளிகள்

தாம்பாளத்தில் வெற்றிலை வாட ஆரம்பித்துவிட்டது. உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வைகாசி வெயில். கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, இரண்டு வீட்டு ஆட்களும் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். சந்தன வாசனையும் வேர்வை வாசனையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறியது.

தட்டு மாற்ற வேண்டியதுதான் பாக்கி. மாற்றிவிட்டால் எனக்கும் தங்கராசுக்கும் கல்யாணம் உறுதி. அதற்கு முன்னால் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணின் தாய்மாமன் எழுந்து இரண்டு வீட்டையும் பார்த்து, "எந்த ஊரு, எந்தச் சாமி கும்பிடுறவுக?" என்று சபை அறியக் கேட்க வேண்டும். பதில் எல்லோருக்கும் முன்பே தெரியும். வந்தவர்களிடம் "சாப்பிட்டீகளா" என்று கேட்பது மாதிரி அது ஒரு மரியாதைக் கேள்வி.

திருச்சுழி மாமா எழுந்தார். என் அம்மாவின் தம்பி. திருச்சுழியில் மிளகாய் வத்தலும் மல்லியும் வாங்கி விற்கிற கடை வைத்திருந்தார். ஆள் அருகில் வந்தாலே நமக்குத் தும்மல் வரும். அவர் கணீரென்று கேள்வியைக் கேட்டார்.

வேறு எந்த அப்பாவாக இருந்தாலும் பரம்பரைக் குலசாமியின் பெயரைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார். என் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "வெள்ளைச் சுவரு" என்றார்.

மாமா மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் திரும்பினார். தங்கராசின் அம்மா வேலம்மாள் அத்தை, "எங்களுக்கும் அதேதான்" என்றார்.

மாமா குனிந்து தாம்பாளத்தை எடுத்தார். மாற்றத்தான் எடுக்கிறார் என்று எல்லோரும் நினைத்தோம். அவர் அதைத் தூக்கித் தனக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு வீட்டுக்கும் ஒரே சாமின்னா பங்காளியாச்சே அத்தான். அண்ணன் தங்கச்சிக்கா தட்டு மாத்தச் சொல்றீக?"

ஒரே குலசாமியைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள், அவர்களுக்குள் பெண் எடுக்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. இதை எங்கள் பக்கத்தில் பால்குடி மறந்த பிள்ளைகூடச் சொல்லும். அதை இத்தனை பெரியவர்களும் மறந்துபோய்த்தான் பந்தக்கால் வரைக்கும் பேசி முடித்திருந்தார்கள்.

உங்கள் கல்யாணக் கதையை எப்போதுதான் எழுதுவீர்கள் என்று சில வாசகிகள் விடாமல் கேட்கிறீர்கள். இதோ எழுதுகிறேன். ஆனால் அந்தச் சுவர் என்னவென்று சொல்லாமல் மேலே போக முடியாது. தாம்பாளம் கொஞ்ச நேரம் மாமாவுக்குப் பின்னாலேயே இருக்கட்டும்.

பரிவட்டச் சண்டை

என் அப்பா அருப்புக்கோட்டையில் பருத்திக்கொட்டை வியாபாரி. உழவு மாட்டுக்கும் பால் மாட்டுக்கும் கொட்டை வாங்கச் சுற்றுப்பட்டி ஊர்களிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். அப்பாவுக்குக் கோபம் வந்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அரைமணி நேரத்தில் மறந்தும்விடுவார். அவர் மறக்காத ஒரே கோபம் அறுபதுகளின் நடுவில் ஒரு பங்குனித் திருவிழாவில் வந்தது.

பரிவட்டத்தை யார் தலையில் முதலில் கட்டுவது என்று இரண்டு பெரிய வீட்டார் சண்டை போட்டார்கள். வாய்ச் சண்டை கைச் சண்டையானது. போலீஸ் வந்தது. பொங்கல் வைத்த பெண்கள் எல்லாம் பானையை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடினோம். திரும்பிப் போனபோது அம்மா வைத்த பொங்கல் கரிக்கட்டையாகிக் கிடந்தது. அந்தத் தீய்ந்த வாடையோடுதான் வீட்டுக்கு வந்தோம்.

அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பிறகு அம்மாவிடம் கேட்டார்.

"நடுவுல ஒண்ணு நிக்கிறதாலதான, அதுக்கு முன்னால யாரு நிக்கிறதுன்னு சண்டை வருது. முன்னால ஒண்ணுமே இல்லாம உக்காந்து கும்பிட்டா என்ன?"

வெயில் தலைக்கேறிவிட்டது என்று அம்மா மோர் கரைக்கப் போனாள். அப்பா மறுவாரமே குடோன் மாடியை ஒழித்துவிட்டு, கிழக்குச் சுவருக்கு வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டார். கிழக்கைத் தேர்ந்தெடுத்ததற்குப் பிற்காலத்தில் பெரிய பெரிய விளக்கம் சொன்னவர்கள் உண்டு. உண்மையில் மற்ற மூன்று சுவரிலும் ஜன்னலோ கதவோ இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்கு முன்னால் போய் உட்காருவோம். படம் கிடையாது, விளக்கு கிடையாது, சூடம் தேங்காய் எதுவும் கிடையாது. பேசாமல் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். முதலில் வந்தவர் முன்னால், பிந்தி வந்தவர் பின்னால். முடிந்ததும் அவித்த கடலை கொடுப்பார்கள். இது பிரசாதமா என்று ஒருவர் கேட்டதற்கு அப்பா, "பசிக்கு" என்று சொல்லிவிட்டார்.

ஆரம்பத்தில் எங்கள் வீட்டு ஆட்கள் மட்டும்தான். பிறகு பக்கத்துக் கடைக்காரர்கள் வந்தார்கள். தறிக்காரர்கள் சிலர் வந்தார்கள். என்னதான் செய்கிறார்கள் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் அப்படியே தங்கிவிட்டார்கள். ஒரு வருஷத்துக்குள் மாடி நிறைந்துபோனது. ஊர் எங்களுக்குச் சுவத்துக்காரவுக என்று பெயர் வைத்தது.

இதில் வந்த முதல் சோதனை பல்லி. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது சுவரில் பல்லி சத்தம் போட்டது. அத்தனை விரல்களும் பழக்கத்தில் தரையைத் தட்டின. தெற்கே கேட்டதா, வடக்கே கேட்டதா என்று எல்லா மனசும் பலன் பார்க்கப் போய்விட்டது. சுவத்துக்காரவுக பல்லிக்குப் பலன் பார்க்கக் கூடாது என்று அப்பா மறுவாரம் சொன்னார். எங்கள் மார்க்கத்தில் எழுந்த முதல் கட்டளை அதுதான். சிரிக்காதீர்கள், மற்ற இடங்களில் மட்டும் கட்டளைகள் எப்படி வந்திருக்கும்?

விரலில் ஒட்டிய சுண்ணாம்பு

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் கறுப்புச் சட்டைக்காரர்களின் கூட்டம் அடிக்கடி நடக்கும். அவர்களில் இரண்டு பேர் அப்பாவைத் தேடி வந்து கைகொடுத்தார்கள். சாமியைத் தூக்கி எறிந்துவிட்ட துணிச்சலைப் பாராட்டி அடுத்த கூட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள். அப்பாவுக்கு வந்ததே கோபம். நான் எங்கே சாமி இல்லை என்று சொன்னேன், இருக்கிறது என்று சொல்லித்தானே உட்கார்ந்திருக்கிறேன் என்று கத்தி அனுப்பிவிட்டார்.

கோயில்காரர்களோ அவரை நாத்திகன் என்றார்கள். இந்தப் பக்கமும் இடம் இல்லை, அந்தப் பக்கமும் இடம் இல்லை. அப்பாவுக்கு வெறி பிடித்துக்கொண்டது. எங்களுடையதும் சாமி கும்பிடுகிற முறைதான் என்று யாராவது ஒரு வெளியாள் வாயால் கேட்டுவிட வேண்டும் என்று அலைந்தார்.

குடோனில் அனுமதியில்லாமல் கூட்டம் போடுகிறார்கள் என்று யாரோ எழுதிப் போட, ஒரு இன்ஸ்பெக்டர் விசாரிக்க வந்தார். கூட்டம் இல்லை, கும்பிடுகிறோம் என்றார் அப்பா. இன்ஸ்பெக்டர் மாடி முழுக்கச் சுற்றிவிட்டு, சாமி எங்கே என்று கேட்டார். அப்பா சுவரைக் காட்டினார். சுவர் எல்லா வீட்டிலும்தான் இருக்கிறது என்றார் அவர். எல்லா வீட்டிலும் இருக்கிறதால்தான் இதைப் பிடித்தோம் என்றார் அப்பா.

அந்த மனிதர் குழம்பிப்போய் சுவரைத் தொட்டுப் பார்த்தார். விரலில் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டது. விரலைக் காக்கிக் கால்சட்டையில் துடைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு கை தானாக மேலே போய் நெற்றியில் பூசிக்கொண்டது. பூசிய பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கே தெரிந்தது. வெட்கத்தோடு படியிறங்கிப் போய்விட்டார். அப்புறம் விசாரணைக்கு யாரும் வரவில்லை.

இந்தக் கதையை அப்பா எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று கணக்கே கிடையாது. "கவர்மென்டே பூசிக்கிட்டுப் போச்சு" என்று முடிப்பார்.

ராவுத்தர் கேட்டது

அப்பாவிடம் கொட்டை எடுக்க வீரசோழனிலிருந்து ஒரு ராவுத்தர் வருவார். இருவரும் பேச ஆரம்பித்தால் லோடு ஏற்றுகிற ஆட்கள் வண்டியடியில் படுத்துத் தூங்கிவிடுவார்கள். ஒருநாள் அப்பா அவரை மாடிக்குக் கூட்டிப்போய் சுவரைக் காட்டினார். நானும் காப்பி கொண்டுபோகிற சாக்கில் ஏறிப் போனேன்.

ராவுத்தர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். சுவரை ரொம்ப நேரம் பார்த்தார். பள்ளிவாசலில் தங்களுக்கு முன்னாலும் செவுருதான் இருக்கிறது, ஆனால் தாங்கள் செவுரைக் கும்பிடுவதில்லை, அது திசை காட்டுவதற்கு என்று சொன்னார். எங்கள் சுவர் எந்தத் திசையைக் காட்டுகிறது என்று கேட்டார். அப்பா ஜன்னல் விவகாரத்தைச் சொல்ல, இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

சிரித்து முடித்தபின் அப்பா விஷயத்துக்கு வந்தார். எங்களுடையது ஒரு மதமா இல்லையா, மனசில் பட்டதைச் சொல்லுங்கள் என்றார்.

"அது எப்படிங்க சட்டுனு சொல்றது?" என்றார் ராவுத்தர். "ஒங்க ஆளுக்குள்ள ஒருத்தர் மவுத்தாப் போனா எங்க கொண்டு போவீக, யாரு தூக்குவீக? அதச் சொல்லுங்க, நான் சொல்றேன்."

அதுவரைக்கும் சுவத்துக்காரவுகளில் யாரும் சாகவில்லை. எல்லோரும் திடகாத்திரமாக அவித்த கடலை தின்றுகொண்டிருந்தார்கள்.

எனக்கு அப்போது ஒன்று புரிந்தது. மதம் என்ற வார்த்தையைப் பள்ளிக்கூடத்திலும் பெரியாஸ்பத்திரியிலும்தான் கேட்டிருக்கிறேன். வீட்டில் யாரும் அந்தச் சொல்லைப் பேசுவதில்லை. எந்தச் சாமி என்றுதான் கேட்பார்கள். அதற்குக்கூட, யார் வீட்டில் பெண் எடுப்பாய், பிள்ளைக்கு எங்கே முடி இறக்குவாய், பிணத்துக்கு யார் தோள் கொடுப்பார்கள் என்றுதான் அர்த்தம். சாமி எப்படி இருக்கும், எத்தனை கை என்று எங்கள் தெருவில் ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்பா மட்டும்தான் அதை முதலில் யோசித்துவிட்டு மற்றதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார்.

அண்டாக்காது

சரி, தங்கராசுக்கு வருவோம்.

நாங்கள் உட்காருகிற நேரத்தில் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் வரும். அத்தனை பேர் நிழலும் வரிசையாகக் கிழக்குச் சுவரில் விழும். சுவரைத் தவிர வேறெங்கும் பார்க்கக் கூடாது என்பதால் நிழலைத்தான் பார்க்க முடியும். கடைமுதலாளி நிழலும் தறிக்காரர் நிழலும் ஒரே கறுப்பு. நான் பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு போனது சுவரில் தெரியவே தெரியாது. அந்த வருத்தம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது.

அதில் ஒரு தலை மட்டும் எங்கே இருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம். காது இரண்டும் அண்டாவின் காது மாதிரி வெளியே நிற்கும். அது யார் என்று விசாரித்தேன். ஜின்னிங் மில்லில் பிட்டர் வேலை பார்க்கிற தங்கராசு என்று தெரிந்தது. அப்பா இல்லாத பையன். அவன் அம்மா வேலம்மாள் வீட்டில் தறி போட்டு நெய்து வளர்த்திருந்தார்.

ஒருநாள் அண்டாக்காது தலையைச் சொறிந்தது. நான் பின்னலைச் சரிசெய்தேன். அடுத்த வாரம் நான் பின்னலைச் சரிசெய்தவுடனே அது தலையைச் சொறிந்தது. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும் என்று பயந்தேன். பேச்சே இல்லாத இடத்தில் இப்படிச் சொறிந்தும் பின்னியும் நாங்கள் ஒரு வருஷம் பேசினோம். அந்த ஆளின் முகத்தை நேராகப் பார்த்தபோது, நிழலைவிடக் கொஞ்சம் சுமார்தான். நான் அதற்குள் முடிவு செய்துவிட்டிருந்தேன்.

அம்மாதான் கண்டுபிடித்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள். "சுவத்தத்தான பாக்கச் சொன்னாரு ஒங்கப்பா. நானும் அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

ஜாதி ஒன்று. பையன் நல்லவன். இரண்டு வீட்டுக்கும் பழைய குலசாமி வேறு வேறு. ஒரு தடையும் இல்லை என்று பேசி முடித்தார்கள். அப்பா மட்டும் சபையில் பழைய சாமியின் பெயரைச் சொல்லியிருந்தால் நான் இந்த வாரம் எழுத ஒன்றுமே இருந்திருக்காது.

தாம்பாளத்துக்குத் திரும்புகிறேன்

மாமா தாம்பாளத்தைப் பின்னால் வைத்துவிட்டுப் பங்காளி என்று சொன்னாரா, அப்பாவின் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பளிச்சென்று மலர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் சுவரைச் சாமி என்று ஒத்துக்கொண்ட முதல் வெளியாள் என் மாமாதான். "அப்படிச் சொல்லு மாப்ளே, சாமிதான்" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். கட்டிப்பிடிக்கக் கையைக்கூட விரித்துவிட்டார். அம்மா வேட்டி நுனியைப் பிடித்து இழுத்த பிறகுதான் மகள் கல்யாணம் போகிறது என்பது அவருக்கு உறைத்தது.

கதவுக்குப் பின்னால் எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டு வந்தது.

வேலம்மாள் அத்தை முதலில் வாதாடினார். நான் இவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறேன், பங்காளி வீட்டு மருமகள் புருஷனின் அண்ணன் தம்பியை அப்படிக் கூப்பிடுவாளா என்று கேட்டார். நல்ல கேள்வி. எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. ஊரே கடைக்காரர்களை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறது, அதற்காக ஊரெல்லாம் கூடப்பிறந்தவர்களா என்று மாமா மடக்கிவிட்டார்.

பிறகு மாமாவே ஒரு வழியும் சொன்னார். அவர் குரல் தணிந்திருந்தது.

"ஒண்ணும் பெரிசு இல்ல அத்தான். அது சாமி இல்ல, நாலு பேரு கூடுற சங்கம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. பழைய குலசாமி பேரச் சொல்லுங்க. இப்பவே தட்ட மாத்திருவோம்."

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் ஒரே குரலில் சொல்லுங்க, சொல்லுங்க என்றார்கள். அப்பா என் பக்கம் திரும்பினார். கதவு இடுக்கில் என் கண் மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருக்கும். ஊர் முழுக்க எதிர்த்து நின்ற மனிதர், எனக்காகத் தலையைக் குனிந்துகொண்டு, "சங்கம் மாதிரின்னும்... வச்சுக்கிரலாம்" என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இல்லை.

"அண்ணாச்சி, நிறுத்துங்க" என்றார் வேலம்மாள் அத்தை.

அவர் எழுந்து நின்றார். வெள்ளைச் சேலை. மாப்பிள்ளையின் பெரியப்பா உட்காருங்கள் என்று கையைக் காட்டியும் அவர் உட்காரவில்லை.

"எம்புருசன் செத்த நாள்லருந்து எந்த நல்ல காரியத்துலயும் என்னய முன்னால விட்டதில்ல. சொந்தத் தங்கச்சி கல்யாணத்துலயே அடுப்படியிலதான் இருந்தேன். அந்தச் சுவத்துக்கு முன்னால மட்டுந்தான் மொத வரிசையில உக்காந்திருக்கேன். மொதல்ல வந்தேன், மொதல்ல உக்காந்தேன். சாமி குடுத்த எடம்னு நெனச்சேன் அண்ணாச்சி. சங்கம் குடுத்த எடம்னா எனக்கு வேண்டாம்."

சுவர் சாமி என்றால் எனக்குக் கல்யாணம் இல்லை. சாமி இல்லை என்றால் அத்தைக்கு இருக்க இடம் இல்லை. இரண்டையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அண்டாக்காது வேறு எதிர்த்த டீக்கடையில் கூட்டாளிகளோடு நல்ல சேதிக்குக் காத்துக்கொண்டு நின்றது.

அம்மா தன் தம்பியைப் பார்த்து, உனக்கு உண்மையில் என்ன கோபம், அதைச் சொல்லு என்று கேட்டாள். மாமா கொஞ்ச நேரம் துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு கொட்டினார். என் தம்பிக்குக் காது குத்த அய்யனார் கோயிலில் நாள் குறித்து, கடுக்கன் செய்து, கிடாய் பிடித்துக் கட்டிவைத்திருந்தாராம். இனி அந்தச் சாமி எங்களுக்குக் கிடையாது என்று அப்பா ஒரே வார்த்தையில் நிறுத்திவிட்டாராம். மருமகனை மடியில் வைத்துக் காது குத்தாத தாய்மாமனைத் திருச்சுழியில் எத்தனை பேர் கேலி பேசினார்கள் தெரியுமா என்று கேட்டார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அது தப்புத்தான் மாப்ளே என்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் மாமா வியாபாரி. கேள்வியைப் பாதியில் விடமாட்டார்.

"கோவம் ஒரு பக்கம் கெடக்கட்டும்" என்றார். "எனக்கு நெசமாவே வெளங்கல. மதம்னா பொறப்புல வரணும். அதுல பொறக்கணும், அதுக்கு மொத முடி எறக்கணும். இங்க இருக்கிற அம்புட்டுப் பேரும் வேற சாமிக்கு மொட்ட போட்டவுக. சுவத்துக்காரவுக ஆனபெறகு பொறந்த புள்ளைகளுக்கு எங்க முடி எறக்குனீக? யாராச்சும் சொல்லுங்க."

எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகக் குனிந்து ஜமுக்காளத்தின் கோடுகளைப் பார்த்தார்கள். அப்பா திகைத்துப்போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அத்தனை பேரும் அவருக்குத் தெரியாமல் விடியக்காலை பஸ் பிடித்து, பழைய சாமிக்குப் போய், பிள்ளைக்கு மொட்டை போட்டுக் கூட்டி வந்திருக்கிறார்கள். வெயிலுக்கு எடுத்தோம், பேனுக்கு எடுத்தோம் என்று சொன்னதையெல்லாம் அந்த அப்பாவி நம்பியிருக்கிறார்.

"சுவத்துக்குன்னு பொறந்து, சுவத்துக்குன்னு முடி எடுத்த ஒரு புள்ளயக் காட்டுங்க. அன்னைக்கு நான் மதம்னு ஒத்துக்கிறேன்" என்றார் மாமா.

அவரே முடிச்சை அவிழ்த்துவிட்டார். அது அவருக்கே தெரியவில்லை. எனக்குத் தலைக்குள் ஜிவ்வென்று ஏறியது. என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்கு நடுவில் வந்து நின்றுவிட்டேன். நிச்சயதார்த்தத்தில் பெண் தானாக வெளியே வருவது அதுவரை யாரும் கேள்விப்படாத காரியம்.

"பொறந்தாத்தான பங்காளி மாமா?" என்று கேட்டேன்.

"ஆமா, பொறந்தாத்தான்" என்றார் மாமா.

"பொறந்தாத்தான மதம்?"

"அதத்தான சொல்லிக்கிட்டிருக்கேன் தாயி."

"இன்னும் யாரும் பொறக்கல மாமா. தட்ட மாத்துங்க, பொறக்கட்டும்."

மாப்பிள்ளையின் பெரியப்பா இருமினார். அது இருமல் இல்லை. அடக்கிய சிரிப்பு. அடுத்த நிமிஷம் கூடமே வெடித்தது. அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு கல்யாணத்தன்றும் கன்றிப்போய்க் கிடந்தது. நான் வெட்கத்தில் உள்ளே ஓடினேன். ஓடியவள் கதவை மூடவில்லை, அடுத்து நடப்பதைப் பார்க்க வேண்டுமே.

மாமா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்தார். அப்பாவைப் பார்த்துச் சொன்னார். "ஒங்க சுவரு சாமியா இல்லையான்னு எனக்குத் தெரியாது அத்தான். இந்தப் புள்ளைக்கு வாயக் குடுத்தது ஏதோ ஒரு சாமிதான்."

திரும்பித் தாம்பாளத்தை எடுத்தார். செம்பிலிருந்து தண்ணீரை விரலில் தொட்டு வெற்றிலையில் தெளித்தார். மாப்பிள்ளை வீட்டுத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பெரியப்பாவும் பெரியம்மாவும் ஜோடியாக எழுந்து நின்றார்கள். தம்பதியாக நிற்கிறவர்கள்தான் மாற்ற வேண்டும், அதுதான் முறை.

மாமா அவர்களைத் தாண்டி நடந்தார். வேலம்மாள் அத்தைக்கு முன்னால் போய் நின்றார்.

"நீங்கதான மொதல்ல வந்தீக" என்றார். "வாங்கிக்கங்க."

அத்தை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார்.